நாற்பத்தொரு பேருக்கு ஒரே எண்

செமோர்,
10 பிப்ரவரி

விமலா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சரி என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிட்டு அப்புறம் மேலே படியுங்கள். உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கே வைத்துப் பிரிக்கவே வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. நீங்கள்தான் மெலிந்துவிட்டீர்கள். ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறேன், முதலில் அடையாளமே தெரியவில்லை.

சனிக்கிழமை உங்கள் குழு செமோர் மண்டபத்துக்குக் கருத்துக் கேட்க வந்தபோது, அப்பாவைக் கண்டதும் நீங்கள் ‘சித்தப்பா’ என்று மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றீர்கள். அவர் பார்க்காதவர்போல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். தேநீர் நேரத்தில் என் கையில் கறிபாப் பலகாரப் பொட்டலத்தைத் திணித்தீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே மடித்த தாள். ஒரு தொலைபேசி எண். ‘இது யாருடையது? போனில் கேட்காதே, கடிதம் போடு’ என்று எழுதி, பாங்கியில் உள்ள உங்கள் முகவரி.

அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது.

என் போனை அப்பா பத்து மணிக்கு வாங்கி வைத்துக்கொள்வார். எல்லாரும் தூங்கியபிறகுதான் எழுத முடிகிறது. என் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அப்பாவுக்குக் கதவைத் தட்டும் பழக்கமும் இல்லை, நேரே திறந்துகொண்டு வருவார். அதனால் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதீர்கள். மங்களம் அக்காவின் தையல் கடைக்குப் போடுங்கள். சனிக்கிழமைகளில் அங்கே பாஜு குரோங் உடைகளுக்கு ஓரம் அடிக்கிறேன். அவர் எதையும் கேட்கமாட்டார்.

அந்த எண் உங்களுக்கு எதற்கு?

தங்கை,
ஷாமினி


பாங்கி,
19 பிப்ரவரி

அன்புள்ள ஷாமினிக்கு,

கடிதம் கிடைத்தது, கிழித்தும்விட்டேன். சித்தியை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல். நான் மெலிந்ததற்குக் காரணம் காலையில் சாப்பிடாததுதான். வேறொன்றும் இல்லை.

என் வேலை என்னவென்று மண்டபத்தில் யாருக்கும் சரியாகப் புரிந்திருக்காது. அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எப்படி இருக்கவேண்டும், யார் படிக்கவேண்டும், எங்கே விடுதி கட்டவேண்டும் என்று ஒரு திட்டம் எழுதுகிறார்கள். நான் எழுதுகிறவள் இல்லை. அவர்கள் எழுதுவதற்குக் கீழே இருக்கும் எண்ணிக்கைகளைச் சரிபார்க்கும் ஒப்பந்த ஊழியர்.

மூன்றாம் அத்தியாயத்தைச் சரிபார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நம் பழைய தோட்டத்து ஆட்கள் வாழும் தாமான் குடியிருப்பிலிருந்து ஐந்து வருடத்தில் விண்ணப்பித்தவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே தொலைபேசி எண். அவர்களில் இருபத்து மூன்று பேர், இடம் கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இருபது பேர் பெண்கள். எல்லார் பெயருக்கும் நேரே ‘விண்ணப்பித்தவரே மறுத்தார்’ என்று பதிவாகியிருக்கிறது.

இதைப்போலப் பல ஊர்க் கணக்கையும் சேர்த்து வரைவில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டார்கள். ‘தோட்டப்புறப் பெண்களுக்கு வெளியூர் சென்று படிக்க ஆர்வம் குறைவு.’ அதனால் அவர்களுக்கென்று வைத்திருக்கும் விடுதி இடங்களைக் குறைத்து, அந்தந்த ஊரிலேயே ஆறுமாதத் தையல் பயிற்சியும் பேக்கரிப் பயிற்சியும் தரலாமாம். ஒரு வருடத்துக்கு இல்லை, பத்து வருடத்துக்கு.

அந்த எண் ஏதாவது ஏஜெண்டுடையதா? விசாரித்து எழுது.

அன்புடன்,
விமலா


செமோர்,
3 மார்ச்

விமலா அக்காவுக்கு,

நலம். அம்மாவிடம் சொன்னேன். நம் வீட்டில் மாடி எங்கே இருக்கிறது என்று சிரித்தார். நாங்கள் மாறி வந்த இந்த வீட்டுக்கு நீங்கள் வந்ததில்லை என்பதை மறந்துவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லாமல்தான் சொன்னேன், பயப்படாதீர்கள்.

ஏஜெண்டு யாரும் இங்கே இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதையும் கிழித்துவிடுங்கள்.

மண்டபத்தில் உங்கள் அதிகாரி பட்டியலைப் பார்த்து என் தோழி லோஷினியை எழுப்பி, சிலாங்கூரில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்ததே, ஏன் போகவில்லை என்று கேட்டார் அல்லவா? அவள் அப்பா உடையப்பன் மாமா திரும்பிப் பார்த்தார். ‘நாந்தான் வேணாம்னுட்டேன்’ என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள்:

“எனக்கு எடம் கெடச்சிச்சுன்னே இன்னைக்குத்தான் தெரியும்டி. அப்போ வேணாம்னு சொன்னது யாரு?”

நான் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டேன். போன வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால்தான் பள்ளியிலேயே ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

அப்பா எல்லாருக்கும் போராங் நிரப்பிக் கொடுப்பவர், உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இன்னமும் வரிசை நிற்கிறது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, உதவித்தொகை, எந்த விண்ணப்பம் என்றாலும் போராங் தேவன்தான். அவரிடமே அந்த எண்ணைக் காட்டிக் கேட்கட்டுமா?

ஷாமினி


பாங்கி,
14 மார்ச்

ஷாமினிக்கு,

நலம்தானே? சித்தப்பாவிடம் கேட்காதே. எண்ணை அவரிடம் காட்டவே காட்டாதே.

மே முப்பதாம் தேதி வரைவை மூடுகிறார்கள். என் மேலதிகாரியிடம், இந்தப் பெண்கள் தாங்களாக மறுத்திருக்கமாட்டார்கள் என்றேன். மண்டபத்தில் நூறு பேர் முன்னால் ஒரு பெண் ‘நான்தான் வேண்டாம் என்றேன்’ என்று சொன்னதைத் தானே கேட்டதாகச் சொன்னார். எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்கிறார். ஒரே ஒரு பெண், ‘நான் மறுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். லோஷினியிடம் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

விமலா


செமோர்,
20 மார்ச்

அக்கா,

நலமாக இருக்கிறீர்களா? மூன்று கேள்விகள்.

அப்பாவிடம் ஏன் கேட்கக்கூடாது?

அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிட்டால் அவரை என்ன செய்வார்கள்? போலீஸ் வருமா?

நான் உங்களுக்குத் தங்கையா, அல்லது உங்கள் திட்டத்துக்குச் சாட்சியா?

பதில் வந்தபிறகுதான் லோஷினியிடம் பேசுவேன்.

ஷாமினி


பாங்கி,
2 மே

அன்புள்ள ஷாமினிக்கு,

ஆறு வாரம் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சலில் ஒரு வாரம் போனது. பிறகு குழுவோடு சரவாக்குக்கும் சபாவுக்கும் போனேன். அங்கேயும் இதே கதைதான், பெண்களைக் கேட்டால் அப்பாக்களைப் பார்க்கிறார்கள். சித்தியின் முட்டி எப்படி இருக்கிறது? உனக்குத் தேர்வு முடிந்ததா?

லோஷினி எழுதித் தந்தாளா? இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது.

விமலா


செமோர்,
6 மே

விமலா அக்காவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். நலம் விசாரித்து முடித்தாயிற்று.

என் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

அந்த எண் அப்பாவுடையது. பொட்டலத்தைப் பிரித்து முதல் மூன்று இலக்கத்தைப் படித்ததுமே தெரியும். நடந்து பழகிய நாளிலிருந்து அந்த எண்ணைத்தான் எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள், தொலைந்துபோனால் சொல்வதற்காக. உங்களிடம் பொய் சொன்னேன்.

போன ஞாயிறு உடையப்பன் மாமா ஒரு பை ரம்புத்தானோடு வந்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். லோஷினியின் தங்கைக்கும் போராங் போட்டாயா என்று கேட்டார். அப்பா போட்டாச்சுலா என்றார். தூரமாக இடம் வந்தால் என்ன செய்வது என்று மாமா இழுத்தார். அப்பா சொன்னார்:

“என் நம்பருக்குத்தான வரும், பாத்துக்கலாம். ஒங்க நம்பரப் போட்டா எங்க வந்து சேரும்? பொங்கலுக்கு ஒரு நம்பரு, தீபாவளிக்கு ஒரு நம்பரு. பதினெட்டு வருசமா மாறாத நம்பர் இந்தத் தாமான்ல என்னோடதுதான்.”

“அதான் மச்சான். அது ஒங்கிட்ட இருக்கறவரைக்கும் எனக்குத் தூக்கம் வருது. பெரியவளுக்கு வந்ததையே வேணாம்னு ஒரு நொடியில தோலாக் பண்ணிட்டியே.”

இருவரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் சிரிப்பதுபோல இல்லை அக்கா. ஒரு பெரிய ஆபத்திலிருந்து வீட்டைக் காப்பாற்றியவர்கள்போலச் சிரித்தார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் தேநீர் குடிக்கப் போனதும் அப்பாவின் ஃபைலை எடுத்தேன், இரும்புக் கிளிப் வைத்த அந்தக் கறுப்பு ஃபைல். வருடவாரியாக எல்லாருடைய போராங் நகலும் இருக்கிறது. சிலவற்றின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. ஆண் பிள்ளைகளுடையதில் கோடு குறைவு. புரட்டிக்கொண்டே போனால் அடியில் பழுத்துப்போன தாள், ஒட்டிய படத்தில் பள்ளிச் சீருடையில் இரட்டைச் சடையோடு நீங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. தொலைபேசி எண் என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தில் அதே எண்.

ஆக உங்களுக்கும் முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் கேட்டீர்கள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தீர்களா? அல்லது அப்பா பெயரை என் வாயாலேயே சொல்லவைத்து எழுத்தில் வாங்க நினைத்தீர்களா? பெரியப்பா இறந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. அப்பாமேல் உங்களுக்கு என்ன கோபம்?

இதைக் கிழிப்பதும் கிழிக்காததும் உங்கள் இஷ்டம்.

ஷாமினி


பாங்கி,
15 மே

என் தங்கை ஷாமினிக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் நீ சாப்பிட்டுத் தூங்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

தெரியும். திரையில் அந்த எண் நாற்பத்தொரு முறை வரிசையாக வந்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். முதன்முதலில் கோத்தா கினபாலுவில் எனக்கு இடம் கிடைத்த செய்தி அந்த எண்ணுக்குத்தான் வந்தது. சித்தப்பா புந்தோங்கிலிருந்து சைக்கிள் வேகத்தில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு வந்தார், சந்தோஷத்தில் விழுந்துவிடுவேனோ என்று பயந்தாராம். ‘ஏற்கிறேன்’ பொத்தானை என்னை அழுத்தவிடாமல் அவரே அழுத்தினார். தாமான் முழுக்கப் பால்கோவா கொடுத்தார்.

மூன்றாம் வருடத் தேர்வின்போது என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சித்தப்பா எனக்கு ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். தேர்வு அறையில் போனை அணைத்து வைத்திருந்தேன். விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது அவர். பதினாறாம் நாள் எல்லாரும் போனபிறகு என் முகத்துக்கு நேரே ஆள்காட்டி விரலை நீட்டி ஒன்று சொன்னார்.

“ஒன்ன அனுப்புனது இந்த வெரலு. எங்கண்ணன் சாவறப்ப பேர் சொல்லிக் கூப்ட்டுக் கெடந்தாரு. இனிமே இந்த வெரலு ஒரு பொம்பளப் புள்ளையையும் தூரமா அனுப்பாது.”

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் கழித்துக் கணினியில் பார்த்தால், சொன்னதைச் செய்துகொண்டே இருந்திருக்கிறார். அவர் பெயரை நான் எழுதிக் கொடுத்தால் பழிவாங்கினேன் என்று ஆகும். எழுதாவிட்டால் அந்த வாக்கியம் பத்து வருடம் நிற்கும். அதனால்தான் உன்னிடம் தள்ளினேன். கோழைத்தனம்தான்.

இன்னொன்றையும் மறைத்தேன். பட்டியலில் நான் இருக்கமாட்டேன் என்று மார்ச்சில் நீ எழுதியதைப் படித்துவிட்டு அதற்குப் பதில் எழுதாமலேயே இருந்தேன். நீ அந்தப் பட்டியலில் இருக்கிறாய், ஷாமினி. மறுத்தவர்களில் பதினேழாவது பெயர் உன்னுடையது. போன ஜூனில் பெர்லிசில் எந்திரவியல் டிப்ளோமாவுக்கு உனக்கு இடம் கிடைத்தது. நான்காம் நாள் மறுக்கப்பட்டிருக்கிறது.

விமலா


செமோர்,
24 மே

அக்கா,

ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

போன வருடம் முடிவு வந்த அன்று இணையத்தளம் நெரிசலில் திறக்கவில்லை. மறுநாள் அப்பா பார்த்துவிட்டு, இல்லை என்றார். நான் வேறு யாரையும் கேட்கவில்லை, நானாகத் திறந்து பார்க்கவும் இல்லை. இந்த மாதம் ஃபைலைப் புரட்டியபோதுகூட என் போராங்கைத் தேடவில்லை. அப்பா சொன்னால் முடிந்தது. சாயந்திரம் என்னைப் புந்தோங்குக்குக் கூட்டிப்போய் ஒரு கிலோ கச்சாங் பூத்தே கடலை வாங்கிக் கொடுத்தார். மோட்டாரில் திரும்பும்போது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்லா, அழாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு என்னைவிட அவரைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

இப்போது அவர் சாப்பாட்டில் உப்புச் சரியா என்று கேட்டால்கூட, இதை எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கும் தெரியுமா? மங்களம் அக்காவுக்கு? தாமானில் எனக்கு மட்டும்தான் தெரியாதா?

இதனுடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று லோஷினியுடையது, ஒன்று என்னுடையது. ‘நான் மறுக்கவில்லை. எனக்கு இடம் கிடைத்ததே எனக்குத் தெரியாது.’ அப்பா பெயர் வராமல் கையெழுத்துப் போட நினைத்தேன். என் முழுப் பெயரே ஷாமினி தேவன். அவரை எடுத்துவிட்டு என்னை எழுத வழியில்லை. அந்தப் பகுதியை நீங்களே மறைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஏதாவது ஆனால் உங்களை மன்னிக்கமாட்டேன்.

ஷாமினி


பாங்கி,
9 ஜூன்

அன்புள்ள ஷாமினிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

இரண்டு தாளையும் பெயரை மறைத்து நகல் எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த வாக்கியம் போய்விட்டது. அங்கே இப்போது இப்படி இருக்கிறது: ‘இடத்தை மறுத்தவர் யார் என்பது நமது பதிவுகளிலிருந்து தெரியவில்லை.’ அதற்குக் கீழே ஒரு பரிந்துரை, இனி இடத்தை மறுப்பதானால் மாணவரே பள்ளிக்கு வந்து ஓர் ஆசிரியர் முன்னால் சொல்லவேண்டும். தலைவர் பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். நடைமுறைக்கு வந்தாலும் இரண்டு வருடம் ஆகும். ஆனால் விடுதி இடங்களைக் குறைக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

எண்ணைப் பற்றியும் கேட்டார்கள். யாருடையது என்று எனக்குத் தெரியாது என்றேன். உன் முதல் கடிதத்தில் நீ எழுதிய அதே வாக்கியம்.

பதினாறாம் தேதி முடிவுகள் வருகின்றன. பத்து நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். ஃபைலில் உன் கடவுச்சொல் இருக்கும். எனக்கு அனுப்பு. சித்தப்பா முந்திக்கொள்வதற்குள் இங்கிருந்து நானே ‘ஏற்கிறேன்’ அழுத்திவிடுகிறேன்.

அக்கா,
விமலா


செமோர்,
17 ஜூன்

அன்புள்ள விமலா அக்காவுக்கு,

அம்மா முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டார்.

கடவுச்சொல்லை எடுத்துவிட்டேன். ஆனால் உங்களுக்கு அனுப்பவில்லை. உங்களை ஏற்றுக்கொண்டு அனுப்பியதும் அந்த விரல், என்னை மறுத்ததும் அந்த விரல். இப்போது நீங்கள் ஒரு விரலோடு வருகிறீர்கள். நீங்களும் அழுத்தவேண்டாம். அப்பாவுக்குத் தெரியாமல் நானும் அழுத்தப்போவதில்லை.

நேற்று மாலை அப்பாவின் போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. செய்தி வந்ததைப் பார்த்தேன். திரெங்கானு, எந்திரவியல் டிப்ளோமா. பெர்லிசைவிடத் தூரம். அப்பா குளித்துவிட்டு வந்து படித்தார், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போது மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தார். முடிவு வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரலம்மா என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று பள்ளி விட்டு வந்து ஒரு தாளில் இருபத்து மூன்று பெயரையும் வரிசையாக எழுதினேன். எல்லாம் அவர் ஃபைலில் இந்த ஐந்து வருடத்தில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்கள். மூன்று ஆண்பிள்ளைகளையும் விடவில்லை. பதினேழாவது இடத்தில் என் பெயர். கடைசியில், ‘அப்பா, பெரியப்பா உங்களைவிட்டுப் போனதற்கு நாங்கள் யாரும் காரணம் இல்லை. அழுத்துவதற்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கிளிப்பை மூடிவிட்டேன்.

இப்போது பதினொன்றே கால். சமையலறை விளக்கு எரிகிறது, கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் போராங்கை எடுக்கத்தான் ஃபைலைத் திறக்கிறார் என்று நினைக்கிறேன்.

கிளிப் திறந்த சத்தம் கேட்டது.

தாள் புரளும் சத்தம் இல்லை. முதல் தாளிலேயே நின்றுவிட்டார்.

மணி பதினொன்றரை ஆகிறது அக்கா. போன் பொத்தானை அழுத்துகிறாரோ, அதற்குச் சத்தம் வராதே. எழுந்து போய்ப் பார்க்கலாமா? இந்தக் கடிதத்தை எங்கே ஒளிப்பது என்றும் தெரியவில்லை. கணக்குப் புத்தகம் மேசையில் இல்லை.

நாற்காலி நகர்ந்தது. நடந்து வருகிறார். வெளிச்சத்தில் இரண்டு பாதம் தெரிகிறது. இதோ திறக்கப்போகிறார்.

திறக்கவில்லை.

கதவைத் தட்டுகிறார்.

அப்பா இந்த வீட்டில் ஒரு கதவையும் தட்டியதில்லை. மறுபடியும் தட்டுகிறார், மெதுவாக. திறக்காமல், நான் வரச் சொல்வதற்காகக் காத்து…